மிளகும் மாத்திரையும் – ஒரு மட்டாஞ்சேரிக் கதை

மிளகு ரசம் குடிச்சா மாத்திரையோட வேலை மாறுமா? மாறும் என்று 2001-இல் தில்லி எய்ம்ஸ் மருந்தியல் துறையினர் காட்டியிருக்கிறார்கள். நோய் எதுவும் இல்லாத சிலருக்கு 200 மில்லி சூப்பில் ஒரு கிராம் மிளகு போட்டுக் குடிக்கக் கொடுத்தார்கள். கூடவே ஃபெனிடாயின் என்ற வலிப்பு மாத்திரை, 300 மில்லிகிராம். இன்னொரு முறை அதே சூப், அதே மாத்திரை, மிளகு மட்டும் கிடையாது. மிளகு போட்ட முறை ரத்தத்தில் மருந்தின் அளவு குறிப்பிடத்தக்க அளவு ஏறியிருந்தது. கட்டுரையில் சூப் என்று கௌரவமாக எழுதியிருக்கிறார்கள். நம்ம வீட்டுப் பாஷையில் அது புளி இல்லாத மிளகு ரசம், அவ்வளவுதான் :-)

இதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியத்தை விட ஒரு சொந்தக்காரத்தனம்தான் முதலில் வந்தது. நான் வளர்ந்தது மட்டாஞ்சேரியில். அப்பா பஜார் ரோட்டில் ஒரு மலஞ்சரக்கு வியாபாரியிடம் கணக்கு எழுதினார். மிளகு, சுக்கு, ஏலம், ஜாதிக்காய் எல்லாவற்றுக்கும் சேர்த்து அங்கே ஒரே சொல், மலஞ்சரக்கு. மலையிலிருந்து இறங்கி வரும் சரக்கு. இப்போது நான் இங்கிலாந்தின் வடக்கே ஒரு மருத்துவமனையில் ஃபார்மசிஸ்ட். நோயாளி உள்ளே வந்ததும் "வேற என்னென்ன மருந்து எடுத்துக்கறீங்க?" என்று கேட்டுப் பட்டியல் போடுவது என் வேலையில் பாதி. அந்தப் பட்டியலில் கஷாயமும் லேகியமும் தானாக வருவதே இல்லை. ஏன் வருவதில்லை என்று யோசித்துக்கொண்டே போனால் கதை ஐந்நூறு வருஷம் பின்னால் போகிறது. அதுவும் எங்க ஊருக்கே போகிறது.

என் தொழில்காரர் ஒருவர் கொச்சியில் உட்கார்ந்து எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. தேதி 1516 ஜனவரி 27. எழுதியவர் தொமே பிரெஸ், போர்ச்சுகல் அரண்மனையில் மருந்து கலந்து கொடுத்தவர். 1511-இல் இந்தியாவுக்கு வந்தார், பிறகு சீனாவுக்குத் தூதராகப் போனார். ராஜாவுக்கு எழுதிய அந்தக் கடிதத்தில், எந்த மருந்துச் சரக்கு எந்த நாட்டில் விளைகிறது என்று வரிசையாகச் சொல்கிறார். ஐரோப்பியர்கள் வந்தது மிளகுக்காக என்றுதான் பள்ளிக்கூடத்தில் படித்தோம். ஆனால் மிளகு சமையல் சாமான் மட்டும் இல்லை, அங்கேயும் இங்கேயும் மருந்துப் பெட்டிச் சாமான். மலையாளத்தில் நாட்டு மருந்துக்கு இன்றைக்கும் அங்ஙாடி மருந்து என்றுதான் பெயர். அங்காடியில் கிடைப்பது. கடைத்தெருவும் வைத்தியமும் அந்த ஊரில் ஒரே சந்துக்குள் இருந்தன.

1663-இல் டச்சுக்காரர்கள் போர்ச்சுகீசியரிடமிருந்து கொச்சியைப் பிடித்தார்கள். 1670-இல் ஹென்றிக் வான் ரீட் மலபாரின் டச்சு கமாண்டராக வந்தார். மனிதர் சிப்பாய்தான், ஆனால் செடிப் பைத்தியம். கம்பெனியின் ஆட்களுக்கு ஐரோப்பாவிலிருந்து மருந்து வரவழைப்பது அநியாயச் செலவு, அதுவும் பாதி இந்தியச் சரக்கே ஐரோப்பா போய்ப் பழசாகித் திரும்பி வருகிறது என்பது அவர் வாதம். அதிலிருந்து பிறந்ததுதான் 'ஹோர்த்துஸ் மலபாரிக்கஸ்'. 1678-இலிருந்து 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் பன்னிரண்டு பாகங்களாக அச்சானது. எழுநூற்று நாற்பதுக்கு மேல் செடிகள், முழுப் பக்கச் செதுக்குப் படங்களோடு.

அந்தப் புத்தகத்தின் மருத்துவ அறிவு வான் ரீடுடையது அல்ல. கரப்புறம் கடக்கரப்பள்ளியைச் சேர்ந்த (இன்றைய சேர்த்தலைப் பக்கம்) ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதன், தன் குடும்பத்து ஏட்டில் இருந்ததைச் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார்கள். ரங்க பட், விநாயக பண்டிதர், அப்பு பட் என்ற மூன்று கொங்கணி வைத்தியர்களும் சேர்ந்து வேலை பார்த்தார்கள். மட்டாஞ்சேரி செறளாயிப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், திருமலை தேவசம் கோயிலைச் சுற்றி இன்றும் கொங்கணி பேசும் தெருக்கள். கோவாவிலிருந்து போர்ச்சுகீசியருக்குப் பயந்து கிளம்பி வந்த சமூகம் அது. 1675 ஏப்ரல் 20 என்று தேதி போட்டு இவர்கள் கொடுத்த சான்றிதழ்கள் முதல் பாகத்திலேயே அச்சாகி இருக்கின்றன. அச்சுதனுடையது கோலெழுத்தில், கொங்கணிக்காரர்களுடையது நாகரி எழுத்தில். வைத்தியர் பெயரைக் கையெழுத்தோடு போட்ட பெருந்தன்மைக்கு அந்த டச்சுக்காரருக்கு ஒரு வணக்கம் வைக்கலாம். அதற்குப் பிறகு நம்ம ஊர் வைத்தியர்களிடம் கேட்டு எழுதிய பல பேருக்கு அந்தப் பழக்கம் இல்லாமல் போயிற்று.

இந்த லத்தீன் மலையை ஆங்கிலத்தில் கொண்டுவரத் தன் வாழ்நாளில் பெரும்பகுதியைக் கொடுத்தவர் தாவரவியல் பேராசிரியர் கே.எஸ்.மணிலால். 2003-இல் கேரளப் பல்கலைக்கழகம் வெளியிட்டது, மலையாளம் 2008-இல். 2020-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். 2025 புத்தாண்டு அன்று காலமானார்.

இப்போது என் தொழிலுக்கு வருகிறேன். ஏழாவது பாகத்தில் 'மொலகொ கொடி' என்று மிளகுக்கொடி இருக்கிறது. 'காட்டுத் திர்பலி' என்று திப்பிலியும் அதே பாகத்தில். ஒவ்வொன்றுக்கும் தனிப் படம், தனிப் பெயர், தனிக் குறிப்பு. இதைப் பாலோடு கொடு, அதை நெய்யில் காய்ச்சு என்று அங்கங்கே வரும்தான். ஆனால் புத்தகத்தின் அமைப்பே செடிக்கு ஒரு பக்கம். வைத்தியர் வேலை செய்தது அப்படி இல்லை. அவருக்கு அலகு செடி அல்ல, யோகம். பத்துச் சரக்கு, இருபது சரக்கு சேர்ந்த கூட்டு. எது எதோடு சேரும், எது சேராது என்பதுதான் அவர் படிப்பின் கனமான பகுதி. கப்பலேறி ஐரோப்பா போனது செடி. லின்னேயஸ் 1753-இல் அதிலிருந்து எடுத்துக்கொண்டதும் செடிதான். "எதோடு?" என்ற கேள்வி மட்டாஞ்சேரிப் படகுத்துறையிலேயே நின்றுவிட்டது.

ஒற்றைச் செடி வழியில் பெரிய வெற்றிகள் கிடைத்தன, அதை மறுக்க முடியாது. ஆறாவது பாகத்தில் 'சுவன்ன அமல்பொடி' என்று ஒரு செடி உண்டு. சர்ப்பகந்தி. (தமிழில் இதையே சிவன் அமல்பொடி என்கிறார்கள். சிவப்பு எப்படிச் சிவன் ஆனார் என்று மொழி தெரிந்தவர்கள் சொல்லட்டும்.) 1931-இல் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் ரத்த அழுத்தத்துக்கும் மனக்கொந்தளிப்புக்கும் இந்த வேர் வேலை செய்வதை எழுதினார்கள். 1949-இல் பம்பாய் இதய மருத்துவர் ருஸ்தம் வகீலின் கட்டுரை பிரிட்டிஷ் இதய இதழில் வந்து உலகம் திரும்பிப் பார்த்தது. 1952-இல் சுவிட்சர்லாந்தின் சீபா கம்பெனி ரெசர்ப்பினைப் பிரித்தெடுத்தது. மாத்திரை உலகம் முழுக்க ஓடிய வேகத்தில் அடுத்த பிரச்சினையும் வந்தது. ரெசர்ப்பின் சாப்பிட்டுக்கொண்டிருப்பவருக்கு ஆபரேஷனுக்காக மயக்க மருந்து கொடுத்தால் ரத்த அழுத்தம் சரிகிறது என்று 1950-களிலேயே மயக்க மருந்து நிபுணர்கள் எச்சரித்து எழுத ஆரம்பித்தார்கள். படகுத்துறையில் விட்ட கேள்வி ஆபரேஷன் தியேட்டர் வாசலில் வந்து நின்றது.

மிளகின் கதை இன்னும் சுவாரசியம். அதிலிருந்து பைப்பரின் என்ற காரப்பொருளை 1819-இல் பிரித்தவர் டென்மார்க்கின் ஓர்ஸ்டெட். ஆமாம், மின்சாரம் ஓடும் கம்பியின் பக்கத்தில் காந்த ஊசி திரும்புவதைக் கண்டுபிடித்த அதே ஓர்ஸ்டெட். ஆனால் அந்தப் பொருள் உடம்பில் என்ன செய்கிறது என்று தெரிய இன்னும் நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் ஆனது. துப்பு கிடைத்த இடம் நம்ம திரிகடுகம். சுக்கு, மிளகு, திப்பிலி. தமிழில் ஒரு நீதி நூலுக்கே பெயராகும் அளவுக்குப் பழகிய கூட்டு. மூன்றுமே மட்டாஞ்சேரிப் பண்டகசாலைகளில் மூட்டை மூட்டையாக இருக்கும்.

1929-இலேயே போஸ் என்பவர், ஆடாதோடையோடு திப்பிலி சேர்த்தால் ஆஸ்துமாவுக்கு அதன் வேலை கூடுகிறது என்று குறித்து வைத்தார். 1970-களின் கடைசியில் ஜம்முவில் இருந்த மண்டல ஆராய்ச்சிக்கூடத்தின் சி.கே.அடல் அந்த நூலைப் பிடித்துக்கொண்டு போனார். ஆயுர்வேத வீட்டு வைத்தியக் கைநூல் ஒன்றில் இருந்த 370 கூட்டு மருந்துகளை எடுத்துப் பார்த்தால் 210-இல் திரிகடுகமோ அதில் ஒரு சரக்கோ இருந்தது. நோய் என்னவாக இருந்தாலும் இந்த மூன்றும் ஏன் கூடவே வருகின்றன? அடலின் பதில்: இவை நோய்க்காக வரவில்லை, மற்ற மருந்துக்காக வருகின்றன. 1979-இல் இதை வெளியிட்டார்கள். மற்ற மருந்து உடம்புக்குள் போவதைக் கூட்டும் பொருள் என்ற ஒரு புது வகையே அப்படித்தான் மருந்தியலில் பேசப்பட ஆரம்பித்தது.

எப்படிக் கூட்டுகிறது? துறைமுகத்துப் பிள்ளையாகவே சொல்கிறேன். குடல் சுவரும் ஈரலும் ஒரு சுங்கச்சாவடி. உள்ளே வரும் மாத்திரையில் ஒரு பங்கை வாசலிலேயே திருப்பி அனுப்ப பி-கிளைக்கோபுரோட்டீன் என்று ஒரு காவல்காரர். தாண்டி வந்ததை உடைத்துப்போட சிஒய்பி-3ஏ4 என்று ஒரு என்சைம். மாத்திரையின் அளவை நிர்ணயிப்பவர்கள் இந்தச் சுங்கத்தையும் கணக்குப் போட்டுத்தான் நிர்ணயிக்கிறார்கள். பைப்பரின் இந்த இரண்டையும் தடுக்கிறது என்று 2002-இல் ஆய்வுக்கூடத்தில் காட்டினார்கள். காவல் தூங்கினால் சரக்கு கூடுதலாக உள்ளே வரும். தியோஃபிலின், புரோப்ரனலால் இரண்டும் பைப்பரினோடு ரத்தத்தில் ஏறுவதை 1991-இலேயே மனிதர்களிடம் பார்த்திருந்தார்கள்.

ஏறினால் நல்லதுதானே என்று கேட்கலாம். சில மருந்துக்கு நல்லது. காசநோய்க்கான ரிஃபாம்பிசினை வழக்கமான 450 மில்லிகிராமுக்குப் பதில் 200 ஆகக் குறைத்து, கூட 10 மில்லிகிராம் பைப்பரின் சேர்த்து 'ரிசோரின்' என்ற மாத்திரையை கடிலா கம்பெனி 2009 வாக்கில் இந்தியச் சந்தைக்குக் கொண்டுவந்தது. வைத்தியரின் திரிகடுகத் தந்திரத்தைக் கணக்கோடு செய்தது அது. அளந்து போட்டார்கள், சோதித்தார்கள்.

ஃபெனிடாயினில் கணக்கு தப்பினால் ஆபத்து. ரத்தத்தில் லிட்டருக்கு 10-இலிருந்து 20 மில்லிகிராம் இருக்க வேண்டும். குறைந்தால் வலிப்பு, கூடினால் தலைசுற்றல், தள்ளாட்டம், பேச்சுக் குழறல். அதோடு இந்த மருந்தை உடைக்கும் என்சைம் சீக்கிரம் நிரம்பிவிடும், அதனால் கொஞ்சம் கூட்டினாலும் ரத்தத்தில் எகிறும். மிளகின் எடையில் 5 முதல் 9 சதம் பைப்பரின். அதாவது அந்த ஒரு கிராம் சூப்பில் 50 மில்லிகிராமுக்குக் குறையாமல் இருந்திருக்கும், ரிசோரினில் இருப்பதைப் போல ஐந்து மடங்கு. பயந்து ரசத்தை நிறுத்திவிடாதீர்கள். தினமும் ஒரே மாதிரி சாப்பிடுபவருக்கு டாக்டர் அளவு நிர்ணயிக்கும்போதே ரசமும் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. சிக்கல் திடீர் மாற்றத்தில்தான். ஜலதோஷம் என்று ஒரு வாரம் திரிகடுகச் சூரணத்தைத் தேனில் குழைத்து மூன்று வேளை சாப்பிடுவது, ஆன்லைனில் பைப்பரின் மாத்திரை வாங்குவது, இந்த மாதிரி.

இதே ஃபெனிடாயினுக்கு எதிர்ப்பக்க உதாரணமும் நம்மிடமே உண்டு. மும்பை கே.இ.எம். மருத்துவமனையின் மருந்தியல்காரர்கள் 1992-இல் எழுதியது. நல்ல கட்டுப்பாட்டில் இருந்த இரண்டு நோயாளிகளுக்குத் திரும்ப வலிப்பு வந்தது. விசாரித்தால் சங்கபுஷ்பி சிரப். ஞாபகசக்திக்கு என்று பரீட்சை சமயத்தில் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுப்போமே, அந்த வகை. எலிகளில் சோதித்தபோது தொடர்ந்து கொடுத்தால் ஃபெனிடாயின் அளவு இறங்கியது. 1994-இல் அங்கிருந்தே இன்னொன்று: குக்குலு சாரம் டில்டியாசம், புரோப்ரனலால் இரண்டையும் குறைக்கிறது.

இந்த மாதிரி விஷயத்தை உலகம் பெரிய எழுத்தில் கவனித்தது 2000-இல்தான். அந்த வருஷம் லான்செட் இதழில், செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற ஐரோப்பிய மூலிகை (மனச்சோர்வுக்கு எடுப்பது) எச்.ஐ.வி. மருந்தான இண்டினவிரை 57 சதம் குறைக்கிறது என்று வந்தது. கூடவே சூரிச்சில் இதயமாற்று செய்துகொண்ட இரண்டு பேருக்கு சைக்ளோஸ்போரின் இறங்கிப்போய் உடம்பு புது இதயத்தை நிராகரிக்க ஆரம்பித்த செய்தி. ஆனால் அதே லான்செட்டில் 1979-இலேயே நம்ம பாகற்காய் வந்துவிட்டது. பிரிட்டனில் குடியேறிய பாகிஸ்தானியப் பெண் ஒருவர், சர்க்கரைக்கு குளோர்ப்ரோபமைடு மாத்திரையும் எடுத்துக்கொண்டு பாகற்காய்க் குழம்பும் சாப்பிட்டு வந்த விவரம். அப்போது பெரிதாக யாரும் பேசவில்லை. குழம்பு விஷயம் என்று விட்டிருப்பார்கள்.

சரி, நோயாளிகள் ஏன் சொல்வதில்லை? எனக்குத் தெரிந்து மறைப்பதற்காக இல்லை. பிரிட்டனில் வழக்கமாகக் கேட்கும் கேள்வி "மூலிகை சப்ளிமெண்ட் ஏதாவது?" என்பது. அந்தச் சொல்லில் நம் ஆட்கள் யாரும் தங்களை அடையாளம் காண்பதில்லை. எங்கள் வார்டில் ஒரு மலையாளி அம்மச்சி இல்லை என்று தலையாட்டினார். நான் மலையாளத்தில், "அரிஷ்டம் வல்லதும் உண்டோ அம்மச்சீ?" என்றேன். "மருந்நொந்நும் இல்ல மோளே, அரிஷ்டம் மாத்ரம். ராத்திரி ரண்டு ஸ்பூண்." அவருக்கு அன்று ஆரம்பிக்க இருந்தது மெட்ரோனிடசோல். சாராயம் ஒரு துளியும் சேர்க்கக் கூடாது என்று பெட்டியிலேயே எழுதியிருக்கும் மருந்து. அரிஷ்டம் என்பது தாதகிப்பூ போட்டுப் புளிக்க வைப்பது, அதில் தானாக ஊறும் ஆல்கஹால் 5 முதல் 10 சதம் இருக்கும். அந்த அம்மச்சி கள்ளுக்கடையை வாழ்நாளில் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்! அரிஷ்டத்தை நிறுத்தி வைத்தோம், வேறு ஒன்றும் ஆகவில்லை.

அதிலிருந்து நான் பெயர் சொல்லித்தான் கேட்கிறேன். கஷாயம், லேகியம், சூரணம், கஞ்சியில் போடும் பொடி, ஊரிலிருந்து மாமியார் அனுப்பியது. மஞ்சள் மாத்திரை இப்போது வெள்ளைக்காரர்களிடமும் கேட்க வேண்டியிருக்கிறது. 1998-இல் பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் 20 மில்லிகிராம் பைப்பரின் சேர்த்தால் மஞ்சளின் குர்குமின் மனித ரத்தத்தில் 2000 சதம் ஏறுவதாகக் கண்டார்கள். அந்த ஒரு எண்ணை வைத்துக்கொண்டு மஞ்சள் மாத்திரைப் புட்டிகளில் மிளகு சேர்ப்பது வழக்கமாகிவிட்டது. குர்குமின் ஏறினால் கூட இருக்கும் இதய மாத்திரையும் ஏறலாமே என்று புட்டியில் யாரும் பெரிய எழுத்தில் போடுவதில்லை. 2023-இல் ஆஸ்திரேலிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, மஞ்சள் மாத்திரையால் ஈரல் பாதிப்பு வரலாம், மிளகு சேர்ந்த வகையில் கூடுதல் கவனம் தேவை என்று எச்சரித்தது.

சொல்லாமல் போவதற்கு இன்னொரு காரணம் வரலாற்றில் இருக்கிறது. இட்டி அச்சுதன் காலத்தில் ஒரு நோயாளி உட்கொள்ளும் அத்தனையும் பெரும்பாலும் ஒரு வைத்தியருக்குத் தெரியும். பத்தியம் உட்பட. 1902-இல் பி.எஸ்.வாரியர் கோட்டக்கலில் ஆர்ய வைத்தியசாலை தொடங்கி, கஷாயத்தைப் புட்டியில் அடைத்து விற்கும் வழியைப் பெரிதாக்கினார். வாரியர் ஆங்கில மருத்துவமும் கற்றவர். வீட்டில் அரைநாள் அடுப்பெரிக்க முடியாதவர்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் புட்டிக்கு வாய் கிடையாது. வைத்தியர் கேட்ட கேள்வியை அது கேட்காது. சட்டமும் இரண்டு வீடாகப் பிரிந்தே நின்றது. 1940-ஆம் வருஷத்து மருந்துச் சட்டத்தில் 1964-இல்தான் ஆயுர்வேத, யுனானி மருந்துகளுக்குத் தனி அத்தியாயம் சேர்த்தார்கள். பக்கவிளைவுகளைக் கண்காணிக்க 2010-இல் ஒரு தேசியத் திட்டம், ஆயுஷ் மருந்துகளுக்கென்று 2018-இல் இன்னொன்று. ஒரு வீட்டு மாத்திரையும் இன்னொரு வீட்டுச் சூரணமும் உரசிக்கொண்டால் யார் வாசலில் போய்ச் சொல்வது? இரண்டு வீட்டுக்கும் நடுவில் விழத்தான் வாய்ப்பு அதிகம். 2010 திட்டத்தின் புகார்ப் படிவத்தில், கூடவே எடுத்த மற்ற மருந்துகள், சுய வைத்தியமும் மூலிகையும் உட்பட, என்று ஒரு பகுதி இருக்கிறது. ஊரில் ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் தோழிகளிடம் கேட்டேன். பெரும்பாலும் காலியாகத்தான் போகிறது என்றார்கள்.

வீட்டில் பெரியவர்கள் வலிப்பு மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை, இதய மாத்திரை, உறுப்புமாற்றுக்குப் பின் எடுக்கும் மாத்திரை இதில் எதுவாவது சாப்பிட்டால், அடுத்த தடவை டாக்டரிடம் போகும்போது கஷாயப் புட்டியையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள். பெயர் தெரியாவிட்டால் லேபிளைக் காட்டினால் போதும். நீங்களாக எதையும் நிறுத்தவும் வேண்டாம், மாத்திரையையும் சரி, சூரணத்தையும் சரி.

கோவாவில் 1563-இல் மருந்துச் சரக்குகளைப் பற்றி உரையாடலாகவே ஒரு புத்தகம் போட்ட கார்சியா தா ஓர்த்தாவை இதில் கொண்டுவர முடியவில்லை. அவர் தனிப் பதிவுக்கான ஆள். அடுத்து அதுதான்.